ஆசிரியர் இல்லாத பாடங்கள்: பெருந்திரள் இயங்கலைக் கல்வியும் பினாங்கின் பள்ளிப் பிள்ளைகளும்

நேரில் ஓர் ஆசிரியர் இல்லாமல், பள்ளி வயதுப் பிள்ளை ஒரு பாடத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை கற்றுத் தேற முடியுமா? இணையத்தைவிட இந்தக் கேள்விக்கு வயது அதிகம். அஞ்சல்வழிக் கல்வி, திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி என ஒவ்வொரு புதுக் கருவி வந்தபோதும் இது மீண்டும் எழுந்தது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே நம்பிக்கையும் எழுந்தது. பள்ளிகளில் புத்தகத்தின் இடத்தைத் திரைப்படம் விரைவில் பிடித்துவிடும் என்று தாமஸ் எடிசன் 1913இல் கணித்தார். நூறாண்டு கழித்து அதே உற்சாகத்துடன் பேசப்பட்டவை, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இலவசமாகச் சேரக்கூடிய பெருந்திரள் இயங்கலைப் பாடங்கள். ‘மூக்’ என்று இவற்றைச் சுருக்கமாக அழைப்பார்கள்.

இவை பெரியவர்களுக்காக, குறிப்பாகப் பல்கலைக்கழக நிலையில் படிப்போருக்காக உருவானவை. பள்ளிப் பிள்ளைகள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். அதனால் கிடைக்கும் ஆய்வுகளில் பெரும்பகுதி வயது வந்தோரைப் பற்றியது. அதன் முடிவுகளைப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. இதுவரை முன்வைக்கப்பட்ட முக்கிய விடைகளையும் அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது. பினாங்கின் பிள்ளைகளுக்கு, அதிலும் தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு, அந்த விடைகள் எந்த அளவுக்குப் பயன்படும் என்பதே இதன் முதன்மை அக்கறை.

பினாங்கின் முன்கதை

தொலைக்கல்வி பினாங்குக்குப் புதிதல்ல. மலேசியாவில் பல்கலைக்கழக நிலையில் அது தொடங்கிய இடமே இதுதான். 1969இல் நிறுவப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், 1971இலேயே வளாகத்துக்கு வெளியே வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கான பட்டப்படிப்பைத் தொடங்கியது. பாட ஏடுகள் அஞ்சலில் போயின. கூடவே வட்டார மையங்களும், சில வாரங்கள் வளாகத்தில் தங்கிப் படிக்கும் தீவிர வகுப்பும் இருந்தன. 1972 ஜூனில் கல்வியமைச்சின் கல்வித் தொலைக்காட்சி பள்ளிகளுக்கான ஒளிபரப்பைத் தொடங்கியது. 2007இல் ஜார்ஜ் டவுனின் நார்தாம் சாலையில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதல் மாணவர்களைச் சேர்த்தது.

2014இல் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான ‘மலேசியா மூக்’ வந்தது. இன உறவுகள், இஸ்லாமிய ஆசிய நாகரிகங்கள் போன்ற கட்டாயப் பாடங்கள் முதலில் ஏற்றப்பட்டன. தேசிய அளவில் இப்படி ஒரு திட்டத்தை அரசே முன்னின்று நடத்தியதில் மலேசியா முன்வரிசை நாடு. ஆனால் அத்திட்டத்தின் இலக்கு உயர்கல்விதான். பதின்மூன்று வயதுப் பிள்ளையை மனத்தில் கொண்டு அது வடிவமைக்கப்படவில்லை.

கதவைத் திறந்தால் போதும் என்ற வாதம்

முதல் நிலைப்பாடு எளிமையானது. அதனாலேயே வலுவான ஈர்ப்புடையது. நல்ல ஆசிரியரும் நல்ல பாடமும் சிலருக்கே கிடைக்கின்றன. அந்தத் தடையை அகற்றினால், உலகின் எந்த மூலையில் இருக்கும் திறமையும் மேலே வரும் என்கிறது இது.

2008இல் கனடாவின் மனிதோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் நடத்திய பாடத்தில் 25 பேர் கட்டணம் கட்டிச் சேர்ந்தார்கள். இணையம் வழியாக ஏறத்தாழ 2,200 பேர் இலவசமாகக் கலந்துகொண்டார்கள். மூக் என்ற பெயர் அப்போதுதான் பிறந்தது. கற்போர் தமக்குள் தொடர்பை வளர்த்துக் கற்றுக்கொள்வதே அவர்களின் நோக்கம். 2011இல் ஸ்டான்ஃபோர்டின் செபாஸ்டியன் த்ருன், பீட்டர் நார்விக் ஆகியோரின் செயற்கை நுண்ணறிவுப் பாடம் வேறு திசையில் போனது. இருவர் கற்பிக்க, 160,000 பேர் பதிந்தார்கள். 20,000க்கும் மேற்பட்டோர் முடித்தார்கள். அடுத்த ஆண்டே கோர்செரா, எட்எக்ஸ், யுடாசிட்டி ஆகியவை களத்துக்கு வந்துவிட்டன.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய வாதத்துக்கு அடையாளமாக ஆனவர் மங்கோலியாவின் பத்துஷிக். உலான்பாத்தரைச் சேர்ந்த இந்த 15 வயது மாணவர், 2012இல் எம்.ஐ.டி.யின் மின்சுற்றுப் பாடத்தில் முழு மதிப்பெண் பெற்றார். ஏறத்தாழ 150,000 பேர் சேர்ந்த அப்பாடத்தில் முழு மதிப்பெண் எடுத்தவர்கள் 340 பேர்தான். பின்னர் எம்.ஐ.டி.யிலேயே அவருக்கு இடம் கிடைத்தது. ஆனால் அவருடைய பள்ளியின் முதல்வர் எம்.ஐ.டி.யில் படித்தவர். ஸ்டான்ஃபோர்டில் படித்த பொறியாளர் ஒருவர் ஆய்வுக்கூடக் கருவிகளுடன் வந்து, அந்த மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தார். இத்தகைய வெற்றிக் கதைகளில் உடனிருந்த பெரியவர்கள் ஓரமாகவே சொல்லப்படுகிறார்கள். நம் கேள்விக்கோ அவர்கள்தாம் மையம்.

இந்த நிலைப்பாட்டின் இன்னொரு வடிவம் இந்தியாவிலிருந்து வந்தது. சுகதா மித்ரா 1999இல் டெல்லியின் கால்காஜியில் சுவரில் ஒரு கணினியைப் பொருத்தி, சேரிப் பிள்ளைகள் தாமாகவே அதை இயக்கக் கற்பதைக் காட்டினார். தமிழ் வாசகர்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது, அவரும் ரிது தங்வாலும் 2010இல் வெளியிட்ட காளிக்குப்பம் ஆய்வு. தென்னிந்தியாவின் அந்தக் கிராமத்தில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகளுக்குத் தெருவோரக் கணினியில் ஆங்கிலத்தில் மூலக்கூற்று உயிரியல் பாடம் கொடுக்கப்பட்டது. ஆசிரியர் எவரும் இல்லை. சில மாதங்களில் பிள்ளைகளின் மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. ஆனால் ஓர் எல்லையில் நின்றுவிட்டது. உயிரியல் தெரியாத, ஆனால் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஓர் இளம்பெண்ணை உடனிருந்து ஊக்கப்படுத்தச் சொன்னார்கள். அதன் பிறகு அவர்களின் மதிப்பெண், டெல்லித் தனியார் பள்ளி ஒன்றில் துறை ஆசிரியரிடம் படித்த பிள்ளைகளுக்கு நிகராக வந்தது.

பிள்ளைகள் தாமாகவே கற்பார்கள் என்பதற்குச் சான்றாகவே இந்த ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் அதன் தலைப்பிலேயே, தானாக ஒழுங்கமையும் கற்றலின் வரம்புகள்தாம் குறிப்பிடப்பட்டிருந்தன. மாதிரியின் அளவு சிறியது, ஒப்பீட்டுக் குழுக்கள் போதிய அளவு இணையானவை அல்ல என்ற விமர்சனங்கள் நியாயமானவை. டெல்லிக் கணினி மையங்களை நேரில் பார்த்த மார்க் வார்ஷாவர், பிள்ளைகள் பெரும்பாலும் விளையாட்டிலும் படம் வரைவதிலுமே நேரம் செலவிட்டதாக எழுதினார். இவ்வளவுக்குப் பிறகும் காளிக்குப்பத்தில் கவனிக்கத்தக்க ஒன்று எஞ்சுகிறது. பாடம் தெரியாத ஒரு பெரியவர்கூட, உடனிருந்தால், பயன் தந்திருக்கிறார்.

எண்கள் காட்டிய பக்கம்

இரண்டாம் நிலைப்பாடு பதிவேடுகளிலிருந்து எழுந்தது. ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருய்பேரேஸ்-வாலியெண்டேவும் 2019இல் ‘சயின்ஸ்’ இதழில், எட்எக்ஸில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய பாடங்களின் ஆறாண்டுத் தரவுகளை ஆராய்ந்தார்கள். 2017-18இல் பங்கேற்றவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. பதிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் மட்டும் 46 விழுக்காட்டினர் முடித்தார்கள். ஆறு ஆண்டுகளில் தேர்ச்சி விகிதம் மேம்படவில்லை என்பது அக்கட்டுரையின் கசப்பான முடிவு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதையும் சொல்ல வேண்டும். பாடத்தை முடிப்பது எல்லாருடைய நோக்கமும் அல்ல. ஒரு பகுதியைப் பார்த்துவிட்டுப் போகிறவரும் பயனடைந்திருக்கலாம். பெரியவர்களைப் பொறுத்தவரை இது ஏற்கத்தக்க வாதம். இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்றில் இயற்கணிதத்தைப் பாதியில் விட்ட பிள்ளைக்கோ படிவம் இரண்டிலேயே அதன் விளைவு தெரிந்துவிடும்.

பதின்பருவத்தினரைப் பற்றி நேரடியாகப் பேசிய ஆய்வு அதற்கும் முந்தியது. ஜான் ஹேன்சனும் ரைக்கும் 2015இல் 68 பாடங்களில் பதிந்த அமெரிக்கர்களை ஆராய்ந்தபோது, வசதியான வட்டாரங்களிலிருந்து வருவோரே கூடுதலாகச் சேர்வது தெரிந்தது. பதின்பருவத்தினரிடையே பெற்றோரின் கல்வித் தகுதி உயர உயரச் சேரும் வாய்ப்பும் முடிக்கும் வாய்ப்பும் கூடின. எல்லாருக்கும் இலவசமாகத் திறந்த கதவில், ஏற்கெனவே வழி தெரிந்தவர்களே முதலில் நுழைந்தார்கள்.

2013இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகமும் யுடாசிட்டியும் நடத்திய சோதனை இன்னும் கடுமையான பாடம் புகட்டியது. அடிப்படைக் கணிதம், இயற்கணிதம், புள்ளியியல் ஆகியவற்றைக் குறைந்த கட்டணத்தில் இயங்கலையில் கொடுத்தார்கள். சேர்ந்தவர்களில் வசதி குறைந்த பகுதியைச் சேர்ந்த உயர்நிலைப்பள்ளி மாணவரும் இருந்தார்கள். அவர்களில் சிலருக்கு வீட்டில் கணினி இல்லை என்பது பாடம் தொடங்கிய பிறகே தெரிந்தது. வழக்கமான வகுப்புகளைவிடத் தேர்ச்சி வெகுவாகக் குறைந்தது. அதே ஆண்டு ஜூலையில் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது.

கருவியா, கற்பிக்கும் முறையா?

இந்தச் சண்டைக்குப் பின்னால் ஒரு பழைய கோட்பாட்டு விவாதம் இருக்கிறது. ரிச்சர்ட் கிளார்க் 1983இல், கற்றலை உயர்த்துவது ஊடகம் அல்ல, அதன் வழியே செல்லும் கற்பிக்கும் முறைதான் என்று வாதிட்டார். ராபர்ட் கோஸ்மா அதை மறுத்தார். சில ஊடகங்கள் வேறு எதனாலும் தர இயலாத வாய்ப்புகளைத் தருகின்றன என்றார். கிளார்க்கின் வாதம், மூக் காணொளியை வகுப்பு விரிவுரையுடன் ஒப்பிடும்போது பொருந்துகிறது. ஆனால் ஒப்பிடுவதற்கு வகுப்பே இல்லாத இடத்தில் அது அவ்வளவு உதவுவதில்லை. பாடமே நடக்காத பள்ளியில் ஊடகம் எதுவாயினும், அது எதையோ கொண்டுவருகிறது. விவாதம் நெடுங்காலம் இந்த வேறுபாட்டைப் போதிய அளவு கவனிக்காமல் நகர்ந்தது என்றே தோன்றுகிறது.

இரண்டு இயற்கணித ஆய்வுகள்

அந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியவை, ஜெசிக்கா ஹெப்பன் தலைமையில் நடந்த இரண்டு ஆய்வுகள். இரண்டிலும் பாடம் ஒன்றே: தொடக்கநிலை இயற்கணிதம். இரண்டும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டவை. இரண்டிலும் பிள்ளைகள் பள்ளி அறையில் அமர்ந்து, பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க, இயங்கலையில் படித்தார்கள். முடிவுகள் நேர் எதிரானவை.

முதல் ஆய்வு 2011இல் வெளிவந்தது. அமெரிக்காவின் மேய்ன், வெர்மான்ட் மாநிலங்களில் 68 பள்ளிகள். பெரும்பாலும் கிராமப்புறத்துச் சிறிய பள்ளிகள். எட்டாம் வகுப்பில் இயற்கணிதத்துக்குத் தயாராக இருந்த சில பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். ஆனால் அவர்களுக்காகத் தனி வகுப்பு நடத்தும் அளவுக்குப் பள்ளியில் ஆளும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. பாதிப் பள்ளிகளில் இயங்கலைப் பாடம் கொடுக்கப்பட்டது. அப்பிள்ளைகள் இயற்கணிதத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். உயர்நிலைப்பள்ளியில் மேல்நிலைக் கணிதத்தைத் தொடரும் வாய்ப்பும் அவர்களிடம் கூடியது. மற்றப் பிள்ளைகளுக்குப் பாதிப்பு எதுவும் தெரியவில்லை.

இரண்டாம் ஆய்வு சிகாகோவில். ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்தில் தோற்ற மாணவர், கோடை விடுமுறையில் மீண்டும் அதைப் படித்தார்கள். ஒரு பகுதியினருக்கு நேரடி ஆசிரியர். மற்றப் பகுதியினருக்கு இயங்கலைப் பாடமும் அறையில் ஒரு துணையாளரும். இயங்கலையில் படித்தவர்கள் பாடத்தைக் கடினமாக உணர்ந்தார்கள், தேர்வில் அவர்களின் மதிப்பெண் குறைந்தது, தேர்ச்சியும் குறைந்தது. துணையாளர் வெறுமனே கண்காணிக்காமல் பாடத்தையே விளக்கிச் சொன்ன வகுப்புகளில் நிலைமை சற்று மேலாக இருந்ததாகத் துணை ஆய்வு ஒன்று குறிப்பிட்டது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் வாசிப்பு இது: தயாராக உள்ள பிள்ளைக்கு, பள்ளியில் இல்லாத பாடத்தைக் கொண்டுவரும்போது இயங்கலைப் பாடம் உதவுகிறது. தடுமாறும் பிள்ளைக்கு, இருக்கும் ஆசிரியரை அகற்றிவிட்டு அவர் இடத்தில் அதை வைக்கும்போது தீங்கு செய்யக்கூடும். என் மதிப்பீட்டில் இத்துறையில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பயனுள்ள வேறுபாடு இதுதான். அரசுகளும் நிறுவனங்களும் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. ஆசிரியர் பற்றாக்குறையும் பின்தங்கிய பிள்ளைகளும் உள்ள இடத்தில்தான் ‘இயங்கலையில் படிக்கட்டும்’ என்ற ஆலோசனை முதலில் வருகிறது.

இயங்கலையை முழுநேரப் பள்ளியாகவே ஆக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் முழுநேர இயங்கலைப் பள்ளிகளைப் பற்றி ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ மையம் 2015இல் வெளியிட்ட அறிக்கை, அங்குள்ள மாணவர் கணிதத்தில் ஏறத்தாழ ஒரு முழுப் பள்ளியாண்டு பின்தங்கியதாக மதிப்பிட்டது.

உடனிருக்கும் பெரியவர்

மெக்சிகோ 1968இல் தொடங்கிய தெலெசெகுண்டாரியா திட்டம் இன்னொரு கோணத்தைத் தருகிறது. இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள் போக மறுத்த கிராமங்களுக்குப் பாடம் தொலைக்காட்சியில் போனது. ஆனால் பாடத்துக்கு ஒரு துறை ஆசிரியர் என்றில்லாமல், எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஓர் ஆசிரியர் வகுப்பறையில் இருந்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாக அது நிலைத்திருக்கிறது. அவ்வூர்ப் பிள்ளைகளின் பள்ளி ஆண்டுகளையும் பிற்கால வருமானத்தையும் அது உயர்த்தியதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒளிபரப்பும் ஆசிரியரும் சேர்ந்த அமைப்பு அது. ஒளிபரப்பு மட்டுமே இருந்திருந்தால் இதே பயன் வந்திருக்குமா என்பதை அந்தத் தரவுகள் காட்டா.

தமிழ்நாடு 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடியபோது அதுவே பல பிள்ளைகளுக்கு ஒரே வகுப்பாக ஆனது. பள்ளிகள் திறக்கும் நேரத்தில், 2021 அக்டோபரில், ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. ஏறத்தாழ 200,000 தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருவைச் சேர்ந்த பெண்கள், மாலையில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். மூடலின்போது ஏற்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்களின் கணக்கு. இது தொலைக்காட்சியையும் தன்னார்வலரையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு அல்ல. பிள்ளைகளும் தொடக்கப்பள்ளி வயதினர். ஆயினும் காளிக்குப்பத்தின் அந்த இளம்பெண்ணை இது நினைவுபடுத்துகிறது.

மலேசியாவில் நடந்தது

மலேசியப் பள்ளிகளில் இயங்கலைக் கல்விக்கான பெரிய முயற்சிகளில் ஒன்று 1பெஸ்தாரிநெட். 2011இல் ஒப்பந்தமாகி, ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணைப்பையும் மெய்நிகர் கற்றல் தளத்தையும் கொண்டுசெல்லத் திட்டமிடப்பட்டது. தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டியது. 2019இல் திட்டம் முடிவுக்கு வந்தது. 2020 ஜூனில் கல்வியமைச்சின் டெலிமா கற்றல் தளம் அறிமுகமானது.

இதற்கிடையில் பெருந்தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. வீட்டிலிருந்தே கற்றல் தொடங்கியபோது கல்வியமைச்சு நடத்திய கணக்கெடுப்பில், 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. கருவி இருந்தவர்களில் பெரும்பாலோரிடம் இருந்தது கைப்பேசிதான்; அதையும் பல வீடுகளில் அண்ணன் தங்கை என மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். சபாவில் ஒரு மாணவி இணைப்புக்காக மரத்தில் ஏறித் தேர்வு எழுதியது நாடெங்கும் பேசப்பட்டது. 2021 பிப்ரவரியில் கல்வி ஒளிபரப்பான டிடிக் டிவி தொடங்கியபோது, அமைச்சு மீண்டும் 1972இன் கருவிக்கே திரும்பியிருந்தது. அதைப் பின்னடைவு என்று சொல்ல மாட்டேன். ஏறத்தாழ எல்லார் வீட்டிலும் இருந்தது தொலைக்காட்சிப் பெட்டிதான்.

பினாங்கு, சபாவைவிட நல்ல நிலையில் இருக்கிறது. 2016இல் கிரீன் லேனில் டிஜிட்டல் நூலகம் திறக்கப்பட்டது. இணைப்பும் மேசையும் இலவசம். ஆனால் தீவுக்குள் இருக்கும் வசதி, நிபோங் திபால் பக்கத்துத் தோட்டப்புறத்தில் வாழும் பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

கருவியும் இணைப்பும் காசால் தீரும் சிக்கல்கள். மொழி அப்படியல்ல. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை கணிதத்தையும் அறிவியலையும் தமிழில் படித்த பிள்ளை, படிவம் ஒன்றில் மலாய்க்கு மாறுகிறது. இருமொழித் திட்டம் உள்ள பள்ளியானால் ஆங்கிலத்துக்கு. உலகின் தலைசிறந்த இயங்கலைப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்நாட்டுப் பாடங்கள் தமிழில் இருந்தாலும், பாடத்திட்டமும் கலைச்சொற்களும் வேறு. ஆக, புதிய பாடம், புதிய மொழி, புதிய பள்ளி மூன்றும் ஒரே ஆண்டில் வரும் பிள்ளை, சிகாகோ மாணவரின் நிலைக்கே நெருக்கமாக இருக்கிறது. அங்கே இயங்கலைப் பாடம் ஆசிரியருக்கு மாற்றாக அமைவதை நான் ஆதரிக்கத் தயங்குவேன்.

பதினைந்து பேர் சேராத பள்ளிகள்

மேய்ன் மாநிலத்துச் சிறிய பள்ளிகளின் நிலைக்கு ஈடானது பினாங்கில் ஏதாவது உண்டா? உண்டு. அது கணிதம் அல்ல, தமிழ்.

மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் 1816இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் நடந்த தமிழ் வகுப்பு என்று கொள்வது மரபு. இன்று மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எல்லாம் தொடக்கப்பள்ளிகள், நாட்டில் எங்கும் தமிழ் இடைநிலைப்பள்ளி இல்லை. ஆறாம் ஆண்டுக்குப் பிறகு தமிழ், தேசிய இடைநிலைப்பள்ளியில் ஒரு பாடம் மட்டுமே. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அதற்கு ஏற்பாடு செய்யப்படும். ஒரு பள்ளியில் பதினொரு பேர், அடுத்த பள்ளியில் எட்டுப் பேர் என்று பிள்ளைகள் சிதறியிருந்தால், சட்டத்தின் கணக்கில் எங்குமே வகுப்பு இல்லை. பதினைந்து பேர் இருந்தும் ஆசிரியர் இல்லாத பள்ளிகளும் உண்டு.

தமிழ் இலக்கியத்தின் நிலை இன்னும் நெருக்கடியானது. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் அது தனிப்பாடம். பல இடங்களில் பள்ளி நேரத்துக்கு வெளியே, ஆர்வமுள்ள ஆசிரியர்களும் அமைப்புகளும் நடத்தும் வகுப்புகளால்தான் அது உயிரோடு இருக்கிறது. எஸ்.பி.எம். பாடங்களின் எண்ணிக்கைக்குப் பத்து என்று வரம்பு வந்தபோது எழுந்த எதிர்ப்பும், பின்னர் இரண்டு கூடுதல் பாடங்களுக்கு இடம் கிடைத்ததும், பெற்றோருக்கு இப்பாடத்தில் உள்ள அக்கறையைக் காட்டின. அக்கறை இருக்கிறது, ஆசிரியர் ஒவ்வொரு பள்ளிக்கும் இல்லை.

இங்கே மேய்னின் மூன்று நிபந்தனைகளில் இரண்டு ஏற்கெனவே பொருந்துகின்றன. பாடம் பள்ளியில் நடப்பதில்லை. தாமே விரும்பி எடுக்கும் பிள்ளைகள், ஆறாண்டு தமிழில் படித்தவர்கள். ஆகவே ஓரளவு தயாரானவர்கள். மூன்றாவது நிபந்தனையான உடனிருக்கும் பெரியவர்தான் ஏற்பாடு செய்யப்பட வேண்டியவர்.

முன்மாதிரியும் தமிழுக்குள்ளேயே இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் தொடர்ச்சியாக, 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம். மூக் என்ற பெயர் பிறப்பதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, மழலைக் கல்வியிலிருந்து பட்டம் வரை, புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளை மனத்தில் வைத்துப் பாடங்களை அது இணையத்தில் ஏற்றியது. அயல்நாடுகளில் தொடர்பு மையங்களையும் அமைத்தது. திரைக்கு எதிரே பிள்ளையைத் தனியே விட்டால் போதாது என்பதை அதை வடிவமைத்தவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்றே கொள்ளலாம். அந்தப் பாடங்கள் எஸ்.பி.எம். பாடத்திட்டத்துக்கு எழுதப்பட்டவை அல்ல. ஆகவே மலேசியப் பிள்ளைக்கு அவற்றை அப்படியே கொடுக்க இயலாது.

கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால், தீவின் தெற்குப் பகுதி என ஐந்தாறு பள்ளிகளில் சிதறிக் கிடக்கும் நாற்பது ஐம்பது பிள்ளைகளை ஒரே இயங்கலை இலக்கிய வகுப்பில் சேர்த்தால், அனுபவமுள்ள ஓர் ஆசிரியரே போதும். ஒவ்வொரு பள்ளியிலும் அந்த நேரத்தில் ஓர் அறையைத் திறந்து, பிள்ளைகளுடன் இருக்க ஒருவர் வேண்டும். அவர் இலக்கியம் கற்றவராக இருப்பது நல்லது; இல்லாவிட்டாலும் வாராவாரம் வந்து ‘போன வாரம் எழுதியது எங்கே?’ என்று கேட்பவராக இருந்தால் தொடங்கலாம். இதில் பெருந்திரள் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நுட்பம் பெருந்திரளுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளிடம் அது பயன் தந்த இடங்கள் சிறியவை.

இன்னும் முடிவாகாதவை

சான்றுகளின் எடை இதுவரை சொன்ன பக்கம் சாய்ந்தாலும், பல கேள்விகள் திறந்தே இருக்கின்றன.

முதலாவது, தயார்நிலை. தயாரான பிள்ளைக்கு உதவுகிறது என்றால், தயாராகாத பிள்ளையைத் தயாராக்க இயங்கலையால் முடியுமா? ஒவ்வொரு பிள்ளையின் நிலைக்கும் ஏற்பப் பாடத்தை மாற்றும் மென்பொருள்கள் சில நம்பிக்கை தருகின்றன. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளை, ஆசிரியத் துணையுடன் மாலை மையங்களில் பயன்படுத்திய பிள்ளைகள், நாலரை மாதங்களில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவாக முன்னேறினார்கள். அதன் பலனில் மென்பொருளின் பங்கு எவ்வளவு, மையத்தின் பங்கு எவ்வளவு என்பது விவாதத்துக்குரியது.

இரண்டாவது, செயற்கை நுண்ணறிவு. உடனிருக்கும் பெரியவரின் இடத்தை உரையாடும் மென்பொருள் நிரப்பும் என்ற எதிர்பார்ப்பு 2023 முதல் வலுத்திருக்கிறது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப்பள்ளி மாணவரிடம் நடந்த சோதனையில், அதன் உதவியுடன் பயிற்சிக் கணக்குகளை நன்றாகச் செய்தவர்கள், உதவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைப் பயன்படுத்தாதவர்களைவிடக் குறைவாகவே எடுத்தார்கள். விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்தபோது அந்தக் கேடு பெருமளவு குறைந்தது. ஆயினும் கேள்வி கேட்டால் பதில் சொல்வது வேறு, வராத பிள்ளையைத் தேடிப் போவது வேறு. இரண்டாவதை எந்த மென்பொருளும் இதுவரை செய்து காட்டவில்லை.

மூன்றாவது, அங்கீகாரம். உயர்கல்வியில் மூக் வழி படித்ததை ஏற்கும் வழிமுறையை மலேசியத் தகுதி நிர்ணய முகமை 2016இல் வகுத்தது. பள்ளி நிலையில் பதினைந்து பேர் என்ற கணக்கு ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாகவே பார்க்கப்படுகிறது. பல பள்ளிப் பிள்ளைகள் சேரும் இயங்கலை வகுப்பை ஒரே வகுப்பாகக் கொள்ள முடியுமா, அதன் ஆசிரியரை எந்தப் பள்ளியின் கணக்கில் சேர்ப்பது, அறையில் உடனிருப்பவருக்கு யார் படி கொடுப்பது ஆகியவை கல்வியமைச்சும் மாநில கல்வி இலாகாவும் பதில் சொல்ல வேண்டியவை.

கடைசியாக, மேய்ன் ஆய்வு கணிதத்தைப் பற்றியது. செய்யுளைப் படித்து, அதைப் பற்றி எழுதி, எழுதியதைத் திருத்தி வாங்கும் பாடத்துக்கு அதே முடிவு பொருந்துமா என்பது சோதித்துத்தான் தெரிய வேண்டும். பினாங்கில் அதைச் செய்ய வசதி இருக்கிறது: பள்ளிகள் எண்ணி முடிக்கக்கூடியவை, தொலைக்கல்வியில் அரை நூற்றாண்டு பழக்கமுள்ள பல்கலைக்கழகம் குளுகோரில் இருக்கிறது, எஸ்.பி.எம். என்ற பொதுவான அளவுகோலும் இருக்கிறது. இயங்கலை வகுப்பும் உடனிருப்பவரும் உள்ள பள்ளிகள் சில, இயங்கலை வகுப்பு மட்டும் உள்ளவை சில, இரண்டும் இல்லாதவை சில என்று படிவம் நான்கில் தொடங்கி இரண்டு ஆண்டு தொடர்ந்தால், எத்தனை பேர் தேர்வு வரை வந்தார்கள் என்ற ஒரு கேள்விக்காவது நேரடியான பதில் கிடைக்கும்.